அம்மை வீட்டு ஓட்டுப்பெட்டி

புளியஞ்செவலில் பிள்ளைகளுக்கு அம்மை போட்டால் ஊர் அந்த வீட்டுக்கு ஒதுங்கி நடக்கும் என்பதும், நிலையில் வேப்பிலை தொங்குகிற வரைக்கும் பங்காளியோ போலீஸோ உள்ளே கால் வைக்க மாட்டார்கள் என்பதும், அம்மை ஆறிப் பிள்ளைகளுக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் அந்த வீட்டுக்காரி வேலியைத் தாண்டி இறங்க மாட்டாள் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், ஆனால் அந்த வேப்பிலைக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் ஊர்க்காரர்களின் ஓட்டெல்லாம் தானாக வந்து விழும் என்பது பஞ்சவர்ணத்தின் பிள்ளைகளுக்கு அம்மை போட்ட வருஷத்தில்தான் தெரிந்தது.

பஞ்சவர்ணத்தின் புருஷன் சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டினான். மகள் செங்கமலம் ஐந்தாம் வகுப்பு, மகன் தவசி மூன்றாம் வகுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. பள்ளிக்கூடப் பாடம் விட்டுப்போகக் கூடாது என்று பஞ்சவர்ணம் தானே பாடம் நடத்தினாள். பிள்ளைகள் வேப்பிலை பரப்பிய பாயில் படுத்துக்கொண்டு கேட்டார்கள். அவள் பத்தாவது வரை படித்தவள், கணக்கு தெரியும், தமிழ் நன்றாக வாசிப்பாள், ஆகவே குடிமையியல் புத்தகத்தில் உள்ளாட்சி என்ற பாடம் வருகிற வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

"ஊராட்சித் தலைவரை ஊர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்" என்று வாசித்தாள்.

"பொய்" என்றாள் செங்கமலம்.

"புஸ்தகத்தையே பொய்ங்கிறியா?"

"போன ஞாயித்துக்கிழமை கோயில்ல ஏலம்தானம்மா விட்டாக. காளீஸ்வரன் மாமாதானே எடுத்தாக. இதுல யாரு ஓட்டுப் போட்டது?"

"அப்ப மாமாதான் தலைவரா?" என்று தவசி எழுந்து உட்கார்ந்தான்.

"பொம்பளைக்கு ஒதுக்கின பதவிடா. தனபாக்கியம் அத்தை பேர்ல மாமா எடுத்திருக்காக" என்றாள் பஞ்சவர்ணம்.

"அத்தைக்குத் தலைவராகணும்னு ஆசையா?"

ஊரில் யாரும் தனபாக்கியத்திடம் அதைக் கேட்டதாகப் பஞ்சவர்ணத்துக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள். முன்னொரு காலத்தில் இந்த ஊரிலும் தலைவர் பதவிக்குத் தேர்தல் நடந்தது, மேலத்தெருக்காரர் ஒருவரும் கீழத்தெருக்காரர் ஒருவரும் எதிர்த்து நின்றார்கள், ஓட்டு எண்ணிய அன்றே வைக்கோல் படப்பு எரிந்தது, படப்புக்குள் படுத்திருந்த ஒருவர் எரிந்து செத்தார், அவர் எந்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடாதவர். அன்றைக்கு ஊர் கூடி மாரியம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தது, இனி இந்த ஊருக்குள் ஓட்டு என்ற பேச்சே இல்லை, கோயிலுக்கு யார் அதிகம் செய்வதாகச் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான் பதவி. அதிலிருந்து சட்டசபைக்கும் டெல்லிக்கும் ஊர் ஓட்டுப் போடும், தன் தெருவுக்கு மட்டும் போடாது. கோயிலுக்கு மணி வந்ததும் சுற்றுச்சுவர் வந்ததும் அப்படித்தான், இந்த முறை காளீஸ்வரன் மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லி எடுத்திருந்தான். ஊர் வழக்கைத் தீர்க்கிற பெரியதனம் சண்முகராசு தலைமையில் துரைச்சிங்கம் ஏலம் கூறுவார், எடுத்தவரின் வேட்புமனு மட்டும் ஒன்றிய ஆபீசுக்குப் போகும், எதிர்த்து யாரும் நிற்க மாட்டார்கள், போட்டியின்றித் தேர்வு என்று அங்கே எழுதிக்கொள்வார்கள்.

"அப்ப பொய்யே இல்ல" என்று தவசி சொன்னான், "புஸ்தகத்துக்கு நம்ம ஊரத் தெரியல, அவ்வளவுதான்."

ஆனால் செங்கமலம் விடவில்லை. ஓட்டு என்றால் எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆக வேண்டும் என்றாள். சரி என்று பஞ்சவர்ணம் வீட்டுக்குள்ளேயே ஒரு தேர்தல் வைத்தாள். இந்த வாரம் வீட்டுக்குத் தலைவர் யார் என்பதுதான் தேர்தல். செங்கமலத்துக்கு முருங்கைக்காய்ச் சின்னம், தவசிக்குப் பம்பரச் சின்னம். காலண்டர் தாளைக் கிழித்து இரண்டு சின்னத்தையும் வரைந்து, பிஸ்கட் டப்பாவின் மூடியில் கத்தியால் கீறல் போட்டு, மூன்று பேரும் திரும்பி நின்று பெருக்கல் குறி போட்டு, மடித்து உள்ளே போட்டார்கள். மத்தியானக் கூழ் குடித்துவிட்டு எண்ணலாம் என்று திறந்தபோது உள்ளே பதினோரு சீட்டு இருந்தது.

முதலில் பஞ்சவர்ணம் பிள்ளைகளைத்தான் சந்தேகப்பட்டாள். ஆனால் ஒரு சீட்டு பீடிக்கட்டு லேபிளில் இருந்தது, அந்த வீட்டில் பீடி குடிக்கிறவர் இல்லை. ஒன்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம். ஒன்று மாத்திரை அட்டை. ஒன்று ஓலை நறுக்கு, காய்ந்து பழுப்பேறி, தொட்டால் ஒடிந்துவிடும் போல இருந்தது, அதில் யாரோ ஆணியால் முருங்கைக்காயும் பம்பரமும் கீறியிருந்தார்கள். ஓலையைத் தவிர எல்லாம் ஒழுங்காக நான்காக மடித்திருந்தன.

அவள் ஐந்தாவது சீட்டைப் பிரிக்கப் போனபோது செங்கமலம் கையைப் பிடித்தாள்.

"ஓட்டுப்பதிவு முடியாம எண்ணக் கூடாதும்மா. வந்துக்கிட்டே இருக்குல்ல."

"யாரு போட்டதுன்னு பாக்கலாம்ல?" என்றான் தவசி.

"அது எப்பயுமே பாக்கக் கூடாது" என்று செங்கமலம் புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

டப்பாவை மூடினார்கள். மறுநாள் மூடி மேலே எழும்பியிருந்தது. முறுக்கு டின்னுக்கு மாற்றினார்கள், பிறகு மாவு டின்னுக்கு, ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டார்கள். சீட்டு விழுகிறபோது சத்தம் வராது, ஆனால் பகல் உச்சியில் டின்னின் மேல் காதை வைத்தால் காய்ந்த இலைக்குள் ஏதோ நடமாடுவது போலக் கேட்கும்.

விஷயத்தை வெளியே விட்டது தவசிதான், வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கூட்டாளியிடம் கத்திச் சொன்னான். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்தது. ஊர் இதில் ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது. அம்மன் வந்து இறங்கின வீட்டில் எதுவும் நடக்கும். ஊர் கவலைப்பட்டது வேறு காரணத்துக்காக, ஒவ்வொருவருக்கும் தன்னுடைய சீட்டு உள்ளே கிடக்கிறதோ என்ற பயம் வந்துவிட்டது.

"நான் ஒன்னும் போடல, சாமி சத்தியமா" என்று டீக்கடையில் ஒருவர் கேட்காமலே சொன்னார்.

"ஒன்னைய யாருய்யா கேட்டா?"

"இல்ல, போன செவ்வாக்கிழமை பரமக்குடி போயிட்டு வந்த டிக்கெட்டக் காணோம். அதான் சொல்றேன்."

தீப்பெட்டியில் லேபிள் உரிந்திருப்பதைப் பார்த்து ஒரு பெண் தன் மாமியாரைச் சந்தேகப்பட்டாள், மாமியார் மருமகளைச் சந்தேகப்பட்டாள். செத்துப்போனவர்கள் வீட்டில் பழைய ஓலைப்பெட்டியைத் திறந்து ஓரத்தில் நறுக்கு குறைகிறதா என்று பார்த்தார்கள். அம்மை வீட்டுக்கு இளநீரும் கூழும் கொண்டுவந்து வேலியில் வைப்பது வழக்கம்தான், ஆனால் அந்த வாரம் வைத்தவர்கள் உடனே திரும்பவில்லை, கொஞ்சம் நின்று, பிள்ளைகளை விசாரித்து, வேப்பங்கொத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்து மெதுவாகக் கேட்டார்கள், "தங்கச்சி, என்னுது இருக்கா?" பஞ்சவர்ணம் எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள், தெரியாது, பார்க்கக் கூடாது. இருக்கு என்று சொல்லியிருந்தால் பயந்திருப்பார்கள், இல்லை என்று சொல்லியிருந்தால் வருத்தப்பட்டிருப்பார்கள், ஆகவே அந்தப் பதிலை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அம்மை பார்க்க வருகிற நர்ஸ் அந்தோணியம்மாள் மட்டும் உள்ளே போகலாம், அவர் அரசாங்க ஆள், வெளியூர். அவர் டின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "இம்புட்டுப் பேரு ஓட்டுப் போட இருக்காங்க. நிக்கிறதுக்குத்தான் ஆளில்ல போல."

அதைக் கேட்ட பிறகு பஞ்சவர்ணத்தால் பாடத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்ப முடியவில்லை. மகள் பொய் என்று சொன்ன வரியிலேயே அவள் கண் நின்றது. அடுத்த முறை வந்தபோது அந்தோணியம்மாள், அவள் கேட்டிருந்தபடி, ஒன்றிய ஆபீசிலிருந்து வேட்புமனுப் படிவம் கொண்டுவந்து கொடுத்தார். பஞ்சவர்ணம் எல்லாக் கட்டத்தையும் நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள். முன்மொழிபவர் என்ற இடம் மட்டும் காலியாக இருந்தது, அங்கே இதே ஊரில் ஓட்டு உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவரே கொண்டுபோயும் கொடுக்கலாம். அவள் வேலி தாண்ட முடியாது என்பதால் அவர்தான் கொண்டுபோயாக வேண்டும். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணி வரைக்கும்.

புருஷன் போனில் சொன்னான், "வேணாம் பஞ்சு. கோயில் மனையில வீடு கட்டியிருக்கோம். வெளிய போங்கன்னா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்க போவ? நான் வந்து பக்கத்துல நிக்க முடியாத தூரத்துல கெடக்கேன்."

"சீட்டு வந்துக்கிட்டே இருக்குங்க."

"சீட்டு வந்து ஒன் வீட்டக் காக்குமா?"

அவன் கேட்டது நியாயம், அவன் பயந்தபடியே பெரியதனம் சண்முகராசு வியாழக்கிழமை காலை வேலிக்கு வெளியே வந்து நின்றார். கூட நாலைந்து பேர்.

"ஏத்தா பஞ்சவர்ணம், அந்தப் பெட்டிய இப்படி வேலி மேல வச்சிரு. நான் வேற ஒன்னும் கேக்கல."

"அம்மா இருக்கிற வீட்டுச் சாமான் வெளிய போகக் கூடாதுல்ல மாமா."

"எனக்கே சட்டம் சொல்றியா? யாரு யாரு சத்தியத்த மீறியிருக்கான்னு ஊருக்குத் தெரியணும். கையெழுத்தப் பாத்தா நான் சொல்லிருவேன்."

"அது மட்டும் தெரியக் கூடாது தாத்தா" என்று உள்ளிருந்து செங்கமலத்தின் குரல் வந்தது. "அஞ்சாம் வகுப்புல போட்டிருக்கு."

பின்னால் நின்றவர்களில் ஒருவருக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக மாற்றிக்கொண்டார். பெரியதனத்துக்கு முகம் கறுத்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. படப்பில் எரிந்தவர் அவருடைய தாத்தா.

"மூணாம் தண்ணி ஊத்தட்டும், நானே உள்ள வந்து எடுத்துக்கிறேன். அன்னைக்கே நீ மனையக் காலி பண்ணிரு. அதுக்கப்புறம் இந்த ஊர்ல ஒனக்கு நெருப்பு தரவும் ஆள் இருக்காது, பேச்சுத் தரவும் ஆள் இருக்காது."

தவசிக்கு இன்னும் அம்மைப் பொருக்கு உதிரவில்லை, மூன்றாம் தண்ணீர் திங்கட்கிழமைதான் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். ஆனால் பெரியதனம் அன்றே கோயிலில் பூக்கட்டிப் பார்த்தார். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், வெள்ளை வந்தால் வெள்ளிக்கிழமையே தண்ணீர் ஊற்றலாம் என்று அம்மன் உத்தரவு. ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொன்னார்கள், வெள்ளை வந்தது. இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைதான் இருந்தது என்று சிலர் சொன்னார்கள். பிரித்துப் பார்க்கவில்லை, ஆகவே அதைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பஞ்சவர்ணம் அண்டாவில் தண்ணீர் பிடித்து, மஞ்சளும் வேப்பிலையும் போட்டு முற்றத்தில் வைத்தாள். அம்மைத் தண்ணீரை அடுப்பில் சுட வைக்கக் கூடாது, வெயிலில்தான் காய வேண்டும். அன்றைக்கென்று வானம் மூடிக்கிடந்தது. ஊர் வேலியைச் சுற்றி நின்றது. ரோட்டில் காளீஸ்வரனின் ஜீப் நின்றது, உள்ளே பட்டுச்சேலையில் தனபாக்கியம், கழுத்தில் மாலை, கூடையில் சாமிப் பிரசாதம். ஒன்றிய ஆபீஸ் ஒரு மணி நேரப் பயணம். மத்தியான பஸ் போய்விட்டது. தனபாக்கியத்துக்கு முன்மொழிகிறவர் பெரியதனம்தான், ஆனால் பெட்டியை எடுக்காமல் அவர் ஜீப்பில் ஏற மாட்டேன் என்று நின்றார்.

"மாமா, மணி ஒன்னேகாலாச்சு" என்றான் காளீஸ்வரன்.

"இரப்பா. ஏத்தா, இன்னும் தண்ணி காயலையா?"

"கைவச்சுப் பாருங்க மாமா" என்றாள் பஞ்சவர்ணம். அவரால் கைவைக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மேகம் நகர்ந்தது. அண்டாவில் வெளிச்சம் விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் வெயில் நின்றால் தண்ணீர் காய்ந்துவிடும், ஊற்றினால் அவர்கள் உள்ளே வருவார்கள், ஊற்றாமல் இருந்தால் அவள் வெளியே போக முடியாது. பஞ்சவர்ணம் படிவத்தை எடுத்துக்கொண்டு வேலி வரைக்கும் வந்தாள், தாண்டவில்லை.

"தலைவர் பதவிக்கு நான் நிக்கிறேன்" என்றாள். படிவத்தை உயர்த்திக் காட்டினாள். "முன்மொழிய ஒரு ஆள் வேணும். நம்ம ஊர்ல ஓட்டு உள்ளவங்க யாராச்சும் வாங்க."

யாரும் வரவில்லை. மாவு டின் சன்னல் கட்டையில் இருந்தது, அதன் மூடி மெல்ல மேலே எழும்பியதை எல்லாரும் பார்த்தார்கள். உள்ளே ஊரே இருந்தது, வேலிக்கு வெளியேயும் ஊரே இருந்தது, இரண்டுக்கும் நடுவில் ஒரு அடி எடுத்துவைக்க ஒரு ஆள் இல்லை. அவரவர் கால் விரலைப் பார்த்தார்கள். அந்த நேரம் ஜீப்பின் கதவு திறந்து தனபாக்கியம் கீழே இறங்கினாள்.

"நீ எதுக்கு எறங்குற?" என்றான் காளீஸ்வரன்.

"காலு மரத்துப்போச்சு." அவள் மாலையைக் கழற்றி ஜீப் இருக்கையின் மேல் போட்டாள். "ஏங்க, என் மனுவுல நான் கையெழுத்துப் போட்டுட்டேனா?"

"இன்னும் இல்ல. அங்க போய் ஆபீசர் முன்னாடி போட்டுக்கலாம்."

"அப்ப சரி. இந்த வண்டியில ரெண்டு மனுவும் போகும். இல்லேன்னா என்னுதும் போகாது."

"ஒனக்கென்ன பைத்தியமா? மண்டபம் கட்டித் தாரேன்னு ஊர் முன்னால சொல்லியிருக்கேன்!"

"கட்டுங்க. யாரு வேணாம்னா? என்னையக் கேட்டா சொன்னீக? நாளைக்குத் தலைவர்னு என் பேரத்தானே எழுதுவாக. எதிர்த்து ஒரு ஆளாச்சும் இருந்தாத்தான என்னையத் தேர்ந்தெடுத்தாகன்னு நான் சொல்லிக்க முடியும்?"

"தனபாக்கியம், சத்தியத்த நெனச்சுப் பேசு" என்றார் பெரியதனம்.

"ஒங்க தாத்தாவ எரிச்சது ஓட்டு இல்ல, சித்தப்பா. தீ வச்சவன். அவன் யாருன்னு ஊருக்கே தெரியும், அவன் வீட்டுல பொண்ணும் எடுத்தாச்சு, பொண்ணும் குடுத்தாச்சு. ஓட்ட மட்டும் நிறுத்தி வச்சிருக்கோம்."

பெரியதனம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தனபாக்கியம் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வண்டியில ஒரு எடம் இருக்கு. பஞ்சவர்ணத்துக்கு முன்மொழிய யாரு வர்றது?"

தண்ணீரிலிருந்து வேப்பிலை வாடை எழுந்தது.

"ஒரு தரம்" என்றாள் தனபாக்கியம்.

ஏலத்தில் மட்டுமே கேட்ட வார்த்தையை ஒரு பெண்பிள்ளை ரோட்டில் நின்று சொன்னதும் கூட்டத்துக்கு முதுகு நிமிர்ந்தது.

"ரெண்டு தரம்."

அவள் அதற்கு மேல் அவசரப்படவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், டிக்கெட் தொலைத்தவர், லேபிள் தொலைத்தவள், ஓலைப்பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள். காளீஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தான். அவள் மூன்றாவது தரத்துக்கு வாயைத் திறந்தபோது பின்னாலிருந்து ஒரு கை எழுந்தது. ஏலம் கூறுகிற துரைச்சிங்கத்தின் கை அது. எத்தனையோ ஏலத்தில் மற்றவர்கள் கை தூக்குவதைப் பார்த்து நின்றவர், தன் கையைத் தூக்கியது அதுதான் முதல் தடவை.

"நான் வாரேன்" என்றார். "மூணாம் தரம் சொல்லிராத தாயி. சொல்லிட்டா முடிஞ்சு போகும்."

படிவம் அரசாங்கத்துச் சாமான், ஆகவே வேலியைத் தாண்டிக் கைமாறியது. அவர் ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பெரியதனம் டின்னையும் ஜீப்பையும் மாறி மாறிப் பார்த்தார், தனபாக்கியத்தின் மனு போகாவிட்டால் மண்டபமும் இல்லை, அதற்கு ஊர் முன்னால் அவரும்தான் சாட்சி. கடைசியில் ஏறி, துரைச்சிங்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஜீப் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. மணி ஒன்று நாற்பது.

தண்ணீர் காய்ந்தது. ஆனால் பஞ்சவர்ணம் ஊற்றவில்லை, தவசிக்குப் பொருக்கு உதிராமல் ஊற்ற மாட்டேன் என்றாள். பெட்டியை எடுக்க வந்தவர்கள் உள்ளே போகவும் இல்லை, வீட்டுக்குப் போகவும் இல்லை. ரோட்டோரத்தில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். யாரோ ஒருவர் தண்ணீர்ச் செம்பை வேலியோரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்று மணி அடித்தது. போய்ச் சேர்ந்தார்களா, ஆபீசர் வாங்கினாரா, நடுவழியில் காளீஸ்வரன் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டானா, ஒருவருக்கும் தெரியாது. செங்கமலம் சன்னலில் நின்று டின்னைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, கனம் குறையுது" என்றாள். பஞ்சவர்ணம் வந்து தூக்கிப் பார்த்தாள். உண்மைதான். வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சட்டைப்பையைத் தடவினார், ஒரு பெண் சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்துப் பார்த்து மறுபடி முடிந்துகொண்டாள். எதைக் கண்டார்கள் என்று யாரும் யாரிடமும் காட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் டின்னில் மூன்று சீட்டுதான் மிச்சம் இருந்தது, ஓலை நறுக்குக்கூட இல்லை.

ஜீப் திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. முதலில் பெரியதனம் இறங்கினார், யாரையும் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடந்தார். துரைச்சிங்கம் இறங்கி இரண்டு விரலைக் காட்டினார், இரண்டு மனுவும் வாங்கிக்கொண்டார்கள் என்று அதற்கு அர்த்தம். கூட்டம் எழுந்து நின்றது, ஆனால் கைதட்டவில்லை. நாளைக்கு என்ன நடக்குமோ என்ற பயம் எல்லார் முகத்திலும் அப்படியே இருந்தது.

தனபாக்கியம் நேராக வேலிக்கு வந்தாள். பட்டுச்சேலை கசங்கியிருந்தது, விரலில் மை ஒட்டியிருந்தது.

"மதினி" என்றாள் பஞ்சவர்ணம்.

"நன்றின்னு கின்றின்னு சொல்லிராத" என்றாள் தனபாக்கியம். "வர்ற வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். குழாய்த் தண்ணி, நம்ம தெரு விளக்கு, பள்ளிக்கூடத்துக் கக்கூஸு. எனக்கும் நாலு விஷயம் செய்யணும்னு இருக்கு பஞ்சவர்ணம், இத்தனை நாளு யாரும் கேக்கல. பிள்ளைக்குப் பொருக்கு உதிரட்டும், தண்ணி ஊத்திட்டு நீயும் வெளிய வா. திங்கக்கிழமைல இருந்து வீடு வீடாப் போய் ஓட்டுக் கேக்கப் போறேன். ஒன் வீட்டுக்கும் வருவேன், பாத்துக்க."